பேரீச்சம்பழக்காரர் வாங்காத சரக்கு

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது சங்கச் செயலாளர் கேட்டார். கவிதை எனக்கு வராது. அம்மாவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுத நம் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பழைய இரும்பு வியாபாரம். ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா செல்லூர்ப் பக்கம் மூணு சக்கர சைக்கிளில் பழைய சாமான் எடுப்பவர். தாத்தா காலத்தில் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு போவார்களாம். இப்போது பழம் போய்த் தராசும் ரூபாயும் வந்துவிட்டது. ஆனாலும் தெருப் பிள்ளைகளுக்கு அய்யா இன்னும் பேரீச்சம்பழக்காரர்தான். அய்யா பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. இருந்தாலும் கையில் தூக்கியவுடன் இது அலுமினியம், இது துத்தநாகம் கலந்தது, இது வார்ப்பிரும்பு என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். மெட்டலர்ஜி பாடத்தில் நான் எடுத்த மார்க்கில் பாதி அவருடையது.

அப்பேர்ப்பட்ட அய்யா போன ஆடி மாதம் ஏமாந்து போனார்.

ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை இறக்கை ஒன்று உடைந்து விழுந்து, அதைத் துண்டு போட்டுக் குவித்து வைத்திருந்தார்கள். இடையில் ஒரு புரோக்கர். 'இது கார்பன் பைபர், விமானத்துக்குப் போடுற சரக்கு. வாங்கி வச்சா கிலோ நூறுக்குப் போகும்' என்று அளந்திருக்கிறார். அய்யா கிலோ 12 ரூபாய் வீதம் 350 கிலோ வாங்கினார். 4,200 ரூபாய். குட்டியானை வாடகை 2,500. ஆக மொத்தம் 6,700. அது என் செமஸ்டர் பீஸுக்கும் தங்கச்சி சைக்கிளுக்கும் எடுத்து வைத்திருந்த பணம்.

மதுரையில் நாலு மொத்தக் கடை ஏறி இறங்கினோம். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: 'பைபரா? உருகாதுண்ணே, கொண்டு போங்க.' அக்கம்பக்கத்தில் கொளுத்திவிடச் சொன்னார்கள். ஒரு துண்டைக் கொளுத்தியும் பார்த்தோம். (அது தப்பு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.) கரும்புகை கிளம்பியது. தெருவே சத்தம் போட்டது. தீ அடங்கியபின் பார்த்தால், கரி படிந்த வெள்ளைத்துணி ஒன்று மடிப்பு மடிப்பாக அப்படியே கிடக்கிறது! அய்யாவுக்குக் கையெல்லாம் மூணு நாள் அரிப்பு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்:

"என்னப்பு, நீ படிச்ச புள்ள. பிளாஸ்டிக் வாளிய உருக்கித் திரும்ப வாளி செய்யிறான். இது ஏன் உருக மாட்டேங்குது? இத வச்சு ஒண்ணுமே செய்ய ஏலாதா?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு லைப்ரரியிலும், நம் துறை ஆசிரியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் உருகவில்லை?

வெல்லத்தைச் சூடு காட்டினால் பாகாகும். ஆறினால் திரும்பக் கட்டியாகும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். பாலித்தீன் பை, வாளி, குடம் எல்லாம் இந்த ஜாதி. இவற்றுக்குத் தெர்மோபிளாஸ்டிக் என்று பெயர். இதில் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நூடுல்ஸ் போலப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றோடு ஒன்று கட்டப்படவில்லை. சூடு கொடுத்தால் வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும்.

இட்லி வேறு ஜாதி. மாவு ஒருதரம் வெந்துவிட்டால் வெந்ததுதான். அதைத் திரும்ப மாவாக்க முடியாது. மேலும் சூடு காட்டினால் தீயும், உருகாது. இது தெர்மோசெட். நம் வீட்டில் உடைந்த சாமானை ஒட்டுகிற அரால்டைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டியூப் இருக்கும். ஒன்று எபாக்சி ரெசின், மற்றது ஹார்ட்னர். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் பிசின். கலந்துவிட்டால் சங்கிலிக்குச் சங்கிலி குறுக்கே முடிச்சு விழுந்து, மொத்தமும் ஒரே வலையாகிவிடும். அந்த முடிச்சுகளைச் சூடு அவிழ்க்காது, சங்கிலியையே அறுத்துவிடும். அதாவது கருகும்.

காற்றாலை இறக்கை, விமான உடல், பேட்மிண்டன் ராக்கெட் எல்லாம் இந்த மாதிரி ரெசினில் நாரை வைத்து இறுக்கியவை. நார் கண்ணாடியாகவும் இருக்கலாம், கார்பனாகவும் இருக்கலாம். நார் கம்பி என்றால் ரெசின் கான்கிரீட். சிவில் நண்பர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். எங்கள் அடுப்படியில் எரிந்தது ரெசின். மிஞ்சிய வெள்ளைத்துணி கண்ணாடி நார். அன்றைக்கே இதைப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் துணியே பாதிக் கதையைச் சொல்லியிருக்கும்.

நம்ம ஊர் பிளாஸ்டிக் ரோடு

"அப்ப இதையும் அரைச்சு பிளாஸ்டிக் ரோட்டுல போட்ரலாமுல்ல?" இது அய்யாவின் அடுத்த கேள்வி. மதுரைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். பிளாஸ்டிக் ரோடு பிறந்ததே நம்ம ஊரில். திருப்பரங்குன்றம் சாலையில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறை அது. 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ரோடு போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முறை எளிமையானது. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய சட்டை போட்டதுபோலப் படிகிறது. அதற்கப்புறம் தார். கல்லுக்குள் தண்ணீர் இறங்காது, தாரும் நன்றாகப் பிடிக்கும். ஒற்றைப் பாதைச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். அந்த அளவுக்குத் தார் மிச்சம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2013-ல் இதற்கென்றே வழிகாட்டு நெறி வெளியிட்டது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே வேலையே உருகுவதில்தான் இருக்கிறது. உருகாத சரக்கு கல்லுக்குச் சட்டை போடாது. நம் இறக்கைத் தூளைப் போட்டால் அது வெறும் தூசியாக ஜல்லிக்கு நடுவே கிடக்கும். பி.வி.சி.யைக்கூட இந்த ரோட்டில் சேர்ப்பதில்லை. சூட்டில் குளோரின் சேர்ந்த நச்சுவாயு வரும். ஆக, எந்தக் குப்பை எந்த வழிக்குப் போகும் என்று முதலில் பிரித்தாக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்தப் 'பிரித்தல்' திரும்பத் திரும்ப வரும்.

கார்பன் பைபர் என்பது என்ன?

கொடைக்கானலில் ரோட்டோரம் அக்ரிலிக் ஸ்வெட்டர் விற்பார்கள் அல்லவா? அந்த நூலுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் கார்பன் பைபரின் கச்சாப் பொருள். பாலி அக்ரைலோ நைட்ரைல் என்பது அதன் முழுப்பெயர். முதலில் அதைக் காற்றுப் படும்படி 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். பிறகு காற்றே இல்லாமல், நைட்ரஜனுக்குள் வைத்து 1000 டிகிரிக்கு மேல். எடையில் பாதி வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறையச் சுத்தக் கார்பன்.

மானாமதுரை, பரமக்குடிப் பக்கம் பஸ்ஸில் போயிருப்பவர்கள் கரிமூட்டம் பார்த்திருப்பார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்று அதிகம் புகாமல் புகையவிடுவார்கள். விறகு சாம்பலாகாமல் கரியாகும். கார்பன் பைபர் தொழிற்சாலையும் ஒரு கரிமூட்டம்தான். விறகுக்குப் பதில் நூல், மண்ணுக்குப் பதில் நைட்ரஜன்.

இப்படிக் கிடைத்த நாரின் விட்டம் சுமார் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இழுவிசை வலிமை சாதாரண ரகத்துக்கே சுமார் 3500 மெகாபாஸ்கல். நம் லேபில் யு.டி.எம். மெஷினில் அறுக்கிற மைல்டு ஸ்டீல் 400-ஐ ஒட்டிப் போய்விடுகிறது. அடர்த்தியோ 1.8 மட்டும்; எஃகு 7.85. நம் நாட்டுத் தேஜஸ் விமான உடலின் எடையில் 45 சதவீதம் இந்தக் கூட்டுப்பொருள்தான். போயிங் 787-ல் பாதி எடை.

ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் அவர்களை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கூட்டுப்பொருளை ஐதராபாத் மருத்துவமனை ஒன்றில் போலியோ பாதித்த பிள்ளைகளின் காலுக்கான கட்டைக்குப் பயன்படுத்தினார்கள். மூன்று கிலோ இரும்பை மாட்டிக்கொண்டு காலை இழுத்து நடந்த பிள்ளைகளுக்கு 300 கிராமில் கிடைத்தது. தன் வாழ்க்கையில் மிகவும் மகிழ்ச்சி தந்த வேலைகளில் ஒன்று என்று அதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

நல்ல சரக்கு. ஆனால் செய்வதற்குச் செலவு பயங்கரம். ஒரு கிலோ கார்பன் நார் செய்ய 200 முதல் 300 மெகாஜூல் வரை சக்தி தேவை. இதைத்தான் தொழிற்சாலையில் வெட்டியபின் மிச்சமாகும் துண்டு துணுக்காகவும், ஆயுள் முடிந்த பாகமாகவும் குப்பையில் போடுகிறோம். அதனால்தான் இதைத் திருப்பி எடுப்பதற்கு உலகத்தில் இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்.

திரும்பவும் கரிமூட்டம்

எடுக்கிற வழியும் கரிமூட்டம்தான் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பழைய கார்பன் பாகத்தைத் துண்டாக்கி, காற்றில்லாத உலையில் 450 முதல் 700 டிகிரிக்குள் சூடாக்குகிறார்கள். இதற்குப் பைராலிசிஸ் என்று பெயர். ரெசின் சிதைந்து வாயுவாகவும் எண்ணெயாகவும் போகிறது. அந்த வாயுவையே உலைக்கு எரிபொருளாகக் கொடுக்கலாம். கார்பன் நார் ஏற்கெனவே ஆயிரம் டிகிரி பார்த்து வந்தது; இந்தச் சூடு அதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் நாரின்மேல் ஒட்டியிருக்கும் கரிப்படிவைப் போக்கக் கொஞ்சம் காற்று விடுவார்கள். இங்கேதான் கைப்பக்குவம். காற்று கூடினால் நாரே எரியும். குறைந்தால் கரி மிஞ்சி, புது ரெசின் ஒட்டாது. கரிமூட்டம் போடுகிறவர் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் புகையின் நிறம் பார்ப்பதுபோல.

ஒரு சின்னக் கணக்கு. நாரின் கன அளவு 60 சதவீதம் உள்ள கார்பன் பாகம் 100 கிலோ எடுத்துக்கொள்வோம். நார் அடர்த்தி 1.8, ரெசின் 1.2. நாரின் பங்கு 0.6 × 1.8 = 1.08, ரெசின் பங்கு 0.4 × 1.2 = 0.48. ஆக எடையில் நார் 69 சதவீதம். 100 கிலோவில் சுமார் 69 கிலோ நார் தேறும். அதை மீட்கச் செலவாகும் சக்தி புதிதாகச் செய்வதில் பத்தில் ஒரு பங்கு அளவே என்கிறார்கள். இங்கிலாந்தில் கோஸ்லி என்ற ஊரில் இ.எல்.ஜி. கார்பன் பைபர் என்ற நிறுவனம் இதை வியாபாரமாகவே செய்து காட்டியது. போயிங் தன் தொழிற்சாலைக் கழிவுகளை அதற்குக் கொடுக்க 2018 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. பி.எம்.டபிள்யூ. ஐ-3 காரின் கூரையில் மறுசுழற்சி செய்த கார்பன் நாரைப் பயன்படுத்தினார்கள். ஆக, வெறும் ஆராய்ச்சிக்கூடக் கதை இல்லை.

துண்டு நாரால் என்ன பயன்?

மீட்ட நார் நீளமாக வராது. வெட்டிய அளவுக்கு, சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான் வரும். பார்க்கப் போடி இலவம்பஞ்சைக் கறுப்புச் சாயத்தில் முக்கியது மாதிரி இருக்கும். 'நீளம் போச்சு, வலிமையும் போச்சு' என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்ட்ரெங்த் ஆப் மெட்டீரியல்ஸ் படித்தவர்கள் பின்வரும் கணக்கைப் பாருங்கள்.

ரெசினுக்குள் புதைந்திருக்கும் நார், தன் முழு வலிமையையும் காட்ட எவ்வளவு நீளம் வேண்டும்? அதைவிடக் குட்டையானால் நார் அறுவதற்கு முன் ரெசினிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், சேற்றில் ஊன்றிய குச்சி மாதிரி.

தேவையான நீளம் = (நாரின் வலிமை × விட்டம்) ÷ (2 × ஒட்டுப்பிடிப்பின் வலிமை)

நார் 3500 மெகாபாஸ்கல், விட்டம் 7 மைக்ரான், ஒட்டுப்பிடிப்பு 35 மெகாபாஸ்கல் என்று வைத்தால், 3500 × 7 ÷ 70 = 350 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை! 6 மில்லிமீட்டர் துண்டு என்றால் தேவையைப்போல் 17 மடங்கு. நீளம் குறைந்ததால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் நஷ்டம் எங்கே? திசையில். தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் விளக்குமாறு. அதே ஈர்க்குகள் தரையில் சிதறிக் கிடந்தால் குப்பை. புதுப் பாகத்தில் நாரெல்லாம் ஒரே திசையில் நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். நாரின் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல் என்றால் 60 சதவீதத்துக்கு 0.6 × 230 = 138. மீட்ட நாரோ கன்னாபின்னா என்று கிடக்கிறது. ஒரு தளத்தில் எல்லாத் திசையிலும் பரப்பிய பாய் என்றால் எட்டில் மூன்று பங்குதான் கணக்கில் வரும். இப்படிக் கிடக்கிற பாயில் 30 சதவீதத்துக்குமேல் நாரைத் திணிப்பதும் கஷ்டம். 0.375 × 0.3 × 230 = சுமார் 26. ரெசின் பங்கு 2 சேர்த்தால் 28 ஜிகாபாஸ்கல். 138 எங்கே, 28 எங்கே!

ஆனால் சாதாரணக் கண்ணாடிநார்ப் பாயில் செய்த பாகம் 7, 8 ஜிகாபாஸ்கல்தான். அதோடு ஒப்பிட்டால் 28 ராஜா. ஆகவே மீட்ட நார் திரும்ப விமான இறக்கையாகாது. கார் உள்பாகம், மெஷின் கவர், நைலானில் கலந்து மோல்டிங் செய்யும் குருணை, இப்படிப் போகும். படியிறங்கித்தான் போகிறது. ஆனால் குப்பைமேட்டுக்குப் போகவில்லை. நாரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒரே திசைக்குத் திருப்பும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. மெக்கானிக்கல்காரர்களாகிய நமக்கு நல்ல புராஜெக்ட் தலைப்பு அது.

சரி, அய்யாவின் குவியல்?

ஒரு நாள் எலக்ட்ரானிக்ஸ் நண்பன் ஒருவனிடம் மல்டிமீட்டர் கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனேன். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி கடத்தாது. உப்புத்தாள் போட்டுப் பெயிண்டையும் ரெசினையும் தேய்த்துவிட்டு இரண்டு முனையையும் வைத்தால் தெரிந்துவிடும். கார்பன் என்றால் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். முதலில் ஹாஸ்டல் நண்பனின் உடைந்த பேட்மிண்டன் ராக்கெட்டில் வைத்தேன். 'கீ' என்று சத்தம் வந்தது. அய்யா முகத்தில் சிரிப்பு. பிறகு குவியலில் ஒவ்வொரு துண்டாக வைத்தோம். ஒன்றிலும் சத்தம் வரவில்லை. ஒரே ஒரு துண்டில் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இடிதாங்கிக் கம்பி. அய்யா அந்தச் செம்பை உருவி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

350 கிலோவும் கண்ணாடி நார். புரோக்கர் சொன்ன 'விமானச் சரக்கு' பொய்.

இதில் ஆச்சரியமும் இல்லை. தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-ல் ஆரம்பித்து, பிறகு முப்பந்தல், கயத்தாறு என்று பரவிய நம் மாநிலக் காற்றாலைகளில் பழசெல்லாம் 250 கிலோவாட்டும் அதைச் சுற்றியும் உள்ள சின்ன மெஷின்கள். அவற்றின் இறக்கை கண்ணாடி நார்தான். பிற்காலத்துப் பெரிய இறக்கைகள் சிலவற்றில்தான் நடு உத்திரத்துக்கு மட்டும் கார்பன் வைக்கிறார்கள். காற்றாலையின் வடிவமைப்பு ஆயுள் 20 வருஷம் என்பது கணக்கு. பழையதைக் கழற்றிப் பெரியதை நிறுத்துவதற்குத் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. கழற்றினால் கோபுரம் எஃகு, ஜெனரேட்டரில் செம்பு. எங்கள் தொழில்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். இறக்கை யாருக்கு?

கண்ணாடி நாரைக் கரிமூட்டம் போட்டால் கட்டுப்படியாகாது. 450 டிகிரியைத் தாண்டினாலே வலிமையில் பாதிக்குமேல் போய்விடுகிறது. புது நாரும் மலிவு. அரைத்துத் தூளாக்கலாம், அது இட்லி உப்புமா மாதிரி, செய்யலாம், விலை கிடைக்காது. காரணம், அதே வேலைக்குச் சுண்ணாம்புக்கல் தூள் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் ஊரில் இறக்கைகளை வரிசையாகக் குழியில் புதைத்தார்கள். நம் மாநகராட்சியின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த யோசனையை இங்கே சொல்ல மாட்டார்கள்.

உருப்படியான வழி சிமெண்ட் உலை. கிளிங்கர் உலை 1450 டிகிரியில் ஓடுகிறது. ரெசின் எரிபொருளாகும்; கண்ணாடியில் உள்ள சிலிக்கா, அலுமினா, கால்சியம் மூன்றும் சிமெண்டுக்கு வேண்டிய சரக்கே. சாம்பல்கூடத் தனியாக மிஞ்சாது. ஜெர்மனியில் இது வருஷக்கணக்காக நடக்கிறது. கண்ணாடியில் போரான் இருப்பதால் சிமெண்ட் இறுகுவது தாமதமாகும். ஆகையால் அளவோடுதான் சேர்க்க வேண்டும். கயத்தாறு காற்றாலைகளுக்கும் தாழையூத்து சங்கர் நகர் சிமெண்ட் ஆலைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று மேப்பில் பாருங்கள். விருதுநகர்ப் பக்கம் ராமசாமி ராஜா நகரிலும் சிமெண்ட் ஆலை உண்டு. என் அபிப்பிராயத்தில் இடையில் குறைவது இறக்கையை வெட்டி, அரைத்து, பிரித்து அனுப்பும் ஒரு சின்னத் தொழிற்கூடம். டிப்ளமோ படித்த நாலு பேரும், என் அய்யா மாதிரி நாலு பேரும் சேர்ந்து நடத்தக்கூடிய அளவுதான்.

ஆனால் அங்கே கார்பன் துண்டு கலந்துவிடக் கூடாது. கார்பன் நார் லேசில் எரியாது. மின்சாரம் கடத்தும் அந்தத் தூசி புகைபோக்கி வழியில் உள்ள எலக்ட்ரோஸ்டேடிக் பிரெசிபிடேட்டரை ஷார்ட் பண்ணிவிடும். திரும்பவும் பிரித்தல்! கார்பன் கரிமூட்டத்துக்கு, கண்ணாடி சிமெண்டுக்கு, பாலித்தீன் ரோட்டுக்கு.

இனிச் செய்யும் இறக்கைகளுக்கு வேறு யோசனையும் வந்துவிட்டது. முடிச்சே அவிழ்கிற மாதிரி ரெசின். நம் நாட்டு ஆதித்ய பிர்லா குழுமத்தின் ரீசைக்ளமின் என்ற சரக்கைச் சேர்த்து இறுக்கினால், பின்னால் சூடான மென் அமிலத்தில், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் மாதிரியானதில், ரெசின் கரைந்துவிடுகிறது. நாரும் கெடுவதில்லை. புளி போட்டுப் பித்தளை விளக்குவதுபோல! சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021-ல் அறிவித்த மறுசுழற்சி இறக்கையில் இதைத்தான் பயன்படுத்தியது. ஏற்கெனவே நிற்கிற ஆயிரக்கணக்கான பழைய இறக்கைகளுக்கு இது உதவாது.

வெட்டுமுன் ஒரு வார்த்தை

வொர்க்ஷாப்பில் யாராவது பைபர் வெட்டப்போனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கண்ணாடித் தூசி தோலில் குத்தி அரிப்பெடுக்கும். இரண்டு தூசியுமே மூச்சில் போகக் கூடாது. கைக்குட்டை கட்டினால் போதாது. சரியான மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். தண்ணீர் சொட்டவிட்டு வெட்டினால் தூசி பறக்காது. கார்பன் தூசியை மோட்டார், சுவிட்ச் போர்டு பக்கம் அண்ட விடாதீர்கள், ஷார்ட் ஆகும். திறந்தவெளியில் கொளுத்தவே கூடாது. நச்சுப்புகையோடு, ரெசின் எரிந்ததும் கட்டு விட்ட மெல்லிய நார்கள் காற்றில் கிளம்பும். நாங்கள் கொளுத்திய அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

பீஸ் பணத்தைச் சித்தப்பா கொடுத்து உதவினார். தங்கச்சி இன்னும் நடந்துதான் போகிறாள். குவியலில் வளைவான பெரிய துண்டு இரண்டை ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டோம். வெயிலும் இறங்கவில்லை, ஐப்பசி மழையும் இறங்கவில்லை. ரோட்டர்டாமில் பழைய இறக்கைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானமே கட்டியிருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு அந்தக் கொட்டகைமேல் ஒரு மரியாதை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக ஒன்று போயிற்று. மிச்சம் 200 கிலோவுக்கு மேல் சுவரோரம் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது.

நண்பனின் மல்டிமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன மாதம் அய்யாவே ஒன்று வாங்கிவிட்டார். தராசுக்குப் பக்கத்தில், சைக்கிள் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். யாராவது கறுப்பாகப் பளபளவென்று எதையாவது நீட்டினால், உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டு, முன்பு தட்டிக் கேட்டது மாதிரியே காதைக் கொடுத்துக் கேட்கிறார்.